மூன்று காட்சியில் வந்துபோன நடிகையைத் தேடி எழுதுவது எப்படி

மதியம் டிவியில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கதாநாயகியின் பக்கத்து வீட்டுக்காரியாக ஒரு அம்மா வருவார், திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்தபடியே இரண்டு வரி வம்பு பேசுவார், அப்புறம் படம் முடியும்வரை ஆளைக் காணோம். அடுத்த வாரம் வேறொரு படத்தில் அதே முகம், ஆஸ்பத்திரி ஆயாவாக. இருபது வருடம் கழித்து ஒரு சீரியலில் பாட்டியாக. யார் இவர் என்று இணையத்தில் தேடினால் ஐந்து படப் பெயர், பிறந்த ஆண்டு காலி, மிஞ்சினால் 'வறுமையில் வாடும் பிரபல நடிகை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வீடியோ. இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையையும் தொழிலையும் ஒழுங்காக எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நான் செய்கிற வழியைச் சொல்கிறேன்.

முதலில், நேராக அவர் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நான் முதல் தடவை செய்த தப்பு அதுதான். கையில் ஒன்றும் இல்லாமல் போய் உட்கார்ந்து "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கம்மா" என்றேன். எல்லாச் சேனலுக்கும் சொன்ன அதே மூன்று கதையை எனக்கும் சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு நாள் போய் நடித்துவிட்டு வந்த படம் உங்களுக்கு என்றால் ஞாபகம் இருக்குமா? எம்.ஜி.ஆர். நலம் விசாரித்தது, சிவாஜி பாராட்டியது, இவை மட்டும்தான் மேலே மிதக்கும். அடியில் கிடப்பதை எடுக்க அவருக்கு நீங்கள்தான் நூல் கொடுக்க வேண்டும், அதற்கு அவர் மறந்ததையெல்லாம் நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் திரை, பிறகு காகிதம், பிறகு கூட வேலை பார்த்தவர்கள், கடைசியில் அவர்.

திரையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ போட்டு, படம், ஆண்டு, எந்த நிமிடத்தில் வருகிறார், எத்தனை காட்சி, என்ன வேடம், வசனம் உண்டா, குரல் அவருடையதா, டைட்டிலில் பெயர் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே போங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் 'முந்நூறு படங்களுக்கு மேல் நடித்தவர்' என்ற வரியை உங்களால் தூக்கிப்போட முடிவது இதனால்தான். அந்த எண் எப்போதும் இருநூறு, முந்நூறு, ஐந்நூறு என்று முழு எண்ணாகவே இருக்கும், கவனித்திருப்பீர்கள். நீங்களே கண்ணால் பார்த்து எண்ணிய நாற்பத்தேழு படம் அந்த முந்நூறை விட எனக்குப் பெரிது.

டைட்டில் கார்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யூடியூபில் ஏற்றும்போது டைட்டிலையே வெட்டிவிடுவது சகஜம், டிவி பிரதியிலும் அப்படித்தான். அதனால் ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பிரதி தேடிப் பார்க்க வேண்டியிருக்கும், பழைய விசிடியில் சில சமயம் முழுசாகக் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் சென்சார் சர்டிபிகேட்டும் வரும். அதில் தேதி, சான்றிதழ் எண், எத்தனை ரீல், படத்தின் நீளம் எல்லாம் இருக்கும். வெளியான தேதி எங்கேயும் சிக்காதபோது அந்தத் தேதி ஒரு பிடிமானம். ஆனால் சென்சார் ஆகி மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த படங்கள் உண்டு. அதனால் 'இந்தத் தேதியில் சான்றிதழ் பெற்றது' என்று எழுதுங்கள், 'வெளியானது' என்று எழுதாதீர்கள்.

இனி பெயர். பாதி உழைப்பு இங்கேதான் போகும்.

தமிழ் சினிமாவில் 'சரோஜா' என்று தேடிப் பாருங்கள். 1937இல் வந்த 'பாலயோகினி'யின் பேபி சரோஜா, நகைச்சுவையில் கலக்கிய எம். சரோஜா, நடனத்தில் பெயர் எடுத்த ஈ.வி. சரோஜா, அப்புறம் பி. சரோஜா தேவி. இவர்கள் பெயர் பெற்றவர்கள் என்பதால் குழப்பம் இல்லை. இன்ஷியல் கூடப் போடாமல் டைட்டிலின் கடைசி வரிசையில் வெறும் 'சரோஜா' என்று வரும் ஒருவரை என்ன செய்வீர்கள்? இணையத் தரவுத்தளங்கள் இங்கேதான் கவிழ்க்கும். ஐஎம்டிபி போன்றவற்றில் பெரும்பாலான தகவல் பயனர்கள் அனுப்புவது. ஒரே பெயருள்ள இரண்டு மூன்று பேரை ஒரே ஆளாக ஒட்டிவிடுவதும், ஒரே ஆளை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்றாகப் பிரிப்பதும் அங்கே சர்வ சாதாரணம். அந்தப் பட்டியலைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக வைக்காதீர்கள்.

நானும் இதில் விழுந்தவன். ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரை ஒருவர் என்று நம்பி ஒரு வருடம் பட்டியல் போட்டேன். இளவயதில் குழு நடனம் ஆடியவர் பின்னாளில் அம்மா வேடத்துக்கு வந்துவிட்டார் என்று அழகாக ஒரு கதையும் மனசில் கட்டிவிட்டேன். ஒருநாள் ஒரு படத்தின் கல்யாணக் காட்சியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருவர் தாம்பாளத்தோடு, ஒருவர் பன்னீர்ச் செம்போடு! அன்றைக்கு ராத்திரி முழுக்க ஷீட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து காதைப் பார்க்கும் பழக்கம் வந்தது. விக், பொட்டு, புருவம், உடம்பு எல்லாம் மாறும். காதின் வடிவமும் பல்வரிசையும் நடையும் அவ்வளவு சுலபத்தில் மாறாது. குரலை மட்டும் நம்ப வேண்டாம், வேறு யாராவது டப்பிங் கொடுத்திருக்கலாம்.

அதே சமயம் பெயரின் முன்னால் ஒட்டியிருக்கும் சொல் உங்களுக்கு நல்ல வழிகாட்டி. அது படத்தின் பெயராக இருந்தால், அவர் மக்கள் கண்ணில் பட்ட ஆண்டு கிடைத்துவிட்டது: 'வெண்ணிற ஆடை' நிர்மலா என்றால் 1965, 'பசி' சத்யா என்றால் 1979. சி.ஐ.டி. சகுந்தலாவுக்கு அந்த ஒட்டு 1970இல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' கொடுத்தது, ஆகவே அதற்கு முந்தைய படங்களின் டைட்டிலில் அந்த 'சி.ஐ.டி.'யைத் தேடினால் கிடைக்காது. படாபட் ஜெயலட்சுமி என்றால் 1974இன் 'அவள் ஒரு தொடர்கதை', அவரையே தெலுங்கில் ஃபடாஃபட் ஜெயலட்சுமி என்று தேட வேண்டும். ஊர்ப் பெயராக இருந்தால், தாம்பரம் லலிதா, பரவை முனியம்மா மாதிரி, எந்த ஊரில் போய் விசாரிப்பது என்று தெரிந்துவிடும். பேபி, குமாரி, மாஸ்டர் இவையெல்லாம் வயதுக் குறிகள். பேபி கமலாவும் குமாரி கமலாவும் கமலா லட்சுமணனும் ஒரே ஆள்தான். ஆனால் வயதுக் குறியை முழுசாக நம்பவும் முடியாது. குட்டி பத்மினி வளர்ந்து சீரியல் தயாரிப்பாளர் ஆன பிறகும் குட்டி பத்மினிதான்.

காகிதத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த சரக்கு பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் பாட்டு மட்டும் இல்லை, நடிகர் நடிகையர் பட்டியல் இருக்கும், பழைய படங்கள் பலவற்றில் எந்தப் பாத்திரம் யார் என்று எதிரெதிரே போட்டிருப்பார்கள், அப்புறம் கதைச் சுருக்கம், அது சரியான இடத்தில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். பிரதியே இல்லாமல் அழிந்துபோன படத்தில் உங்கள் நடிகை என்ன வேடம் போட்டார் என்பதற்கு சில சமயம் இந்த ஒற்றைத் தாள்தான் ஆதாரம். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் பழைய சினிமா இதழ்களும் நிறைய இருக்கின்றன. 'பேசும் படம்', 'குண்டூசி', 'பொம்மை' போன்ற இதழ்களில் அட்டைப்படமும் பெரிய பேட்டியும் பெரிய நடிகைகளுக்குத்தான் போகும். நீங்கள் தேட வேண்டியது பின்பக்கங்களை. வாசகர் கேள்வி பதில், படப்பிடிப்புத் துணுக்கு, புதுமுகம் பகுதி, 'இந்தப் படத்தில் இடமிருந்து வலமாக' என்று சின்ன எழுத்தில் வரும் குறிப்பு. நாளிதழுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவ் (archive.org) தளமும் கைகொடுக்கும். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போவது அடுத்த கட்டம், அதை முதலிலேயே செய்யாதீர்கள், என்ன வேண்டும் என்று தெரியாமல் அங்கே போய் நிற்பதில் பலன் இல்லை.

பிலிம் நியூஸ் ஆனந்தன் 2016இல் மறையும்வரை இந்தத் தொழிலைத் தனியாளாகச் செய்தவர். எந்த ஆண்டு எந்தப் படம், யார் யார் என்று அவர் தொகுத்து வைத்ததைத்தான் இன்றைக்கும் எல்லோரும் எடுத்து எடுத்துப் போடுகிறோம், பெயர் சொல்லாமலே. அவருடைய தொகுப்பிலிருந்து எடுத்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். சரி, அடுத்து.

சினிமாவுக்கு வெளியே தேடாவிட்டால் சின்ன நடிகையின் கதை பாதிதான். பழைய தலைமுறையில் பலர் நாடகக் குழுவிலிருந்து வந்தவர்கள். மனோரமாவே பள்ளத்தூரில் நாடக மேடை ஏறி, பிறகு 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்கு வந்தவர். உங்கள் நடிகை டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவிலோ சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜிலோ இருந்திருந்தால், நாடக நோட்டீஸிலும் சபா விழா மலரிலும் பெயர் இருக்கும். வானொலி நாடகத்துக்கு 'வானொலி' இதழின் நிகழ்ச்சிப் பட்டியல். அப்புறம் டப்பிங். முகம் மூன்று காட்சியில் மட்டும் தெரிந்த ஒருவர், முகமே தெரியாமல் முப்பது கதாநாயகிகளுக்குப் பேசியிருக்கலாம், சாப்பாடு போட்டது அதுவாகவே இருக்கலாம். இது பெரும்பாலும் டைட்டிலில் வராது, டப்பிங் தியேட்டரில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால்தான் உண்டு. தெலுங்கு, கன்னட, மலையாளப் பட்டியல்களையும் விடாதீர்கள், ஒரு காலத்தில் நான்கு மொழிப் படமும் கோடம்பாக்கத்தில்தானே எடுத்தார்கள், காலையில் ஒரு ஃப்ளோரில் தமிழ், மத்தியானம் அடுத்த ஃப்ளோரில் தெலுங்கு.

தொலைக்காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இது. 'பின்னர் சின்னத்திரையிலும் நடித்தார்' என்று கடைசியில் ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நாள் வீதம் நாற்பது படம் என்றாலும் மொத்தம் நூற்றிருபது நாள் தாண்டாது. ஒரு மெகா சீரியலில் மாமியாராகவோ பெரியம்மாவாகவோ மாட்டினால், மாதம் பத்து நாள் கால்ஷீட் என்று வைத்தாலும் ஒரே வருடத்தில் அந்தக் கணக்கு நேராகிவிடும். 'மெட்டி ஒலி' 2002லிருந்து 2005 வரை எண்ணூறு எபிசோடுக்கு மேல் ஓடியது. 'கோலங்கள்' 2003லிருந்து 2009 வரை, ஆயிரத்தைந்நூறு தாண்டியது. அதில் கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தவருக்கு, வாழ்நாளிலேயே முதல் முறையாக மாதாமாதம் வருமானம் வந்திருக்கலாம், காய்கறிக் கடையில் ஜனங்கள் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அவர் தொழில் வாழ்க்கையின் நடு முற்றம் இதுவாக இருந்தால், உங்கள் கட்டுரையிலும் நடு முற்றம் இதுவாகத்தான் இருக்க வேண்டும், சினிமா எவ்வளவு பளபளத்தாலும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. செவ்வாய்க்கிழமை நாடகம், அப்புறம் பதின்மூன்று வாரத் தொடர்கள் என்று போன அந்தக் காலத்து ஒளிப்பதிவுகளில் இன்று பார்க்கக் கிடைப்பவை கொஞ்சம். நாளிதழின் 'இன்றைய டிவி' கட்டமும் வார இதழ் விமர்சனமும்தான் கதி. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தபிறகு கதை வேறு, சரக்கு மலைபோல் இருக்கிறது, எதைப் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. ஆயிரம் எபிசோடையும் பார்க்க வேண்டாம். டைட்டில் பாட்டைப் பாருங்கள், ஆட்கள் மாறும்போது அதில் வரும் முகங்களும் மாறும். ஐம்பது எபிசோடுக்கு ஒன்று என்று தாவிப் போனால் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்று பிடித்துவிடலாம். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு கார்டு போடுவார்களே, நாம் எல்லோரும் கேலி செய்வோமே, அது ஆராய்ச்சிக்காரனுக்குத் தங்கம். யார் போய் யார் வந்தார் என்பது ஒரே கார்டில்.

அடுத்து ஆட்கள். இயக்குநரைத் தேடிப் போகாதீர்கள், அவருக்குக் கதாநாயகியைத்தான் ஞாபகம் இருக்கும். புரொடக்‌ஷன் மேனேஜரைப் பிடியுங்கள். யாருக்கு எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், பேட்டா யார் கையில் கொடுத்தது, யார் வீட்டுக்கு வண்டி அனுப்பியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மேக்கப்மேன், ஹேர் டிரஸ்ஸர், கோ-டைரக்டர் இவர்களும் அப்படித்தான். தென்னிந்திய நடிகர் சங்கத்திலோ சின்னத்திரை நடிகர் சங்கத்திலோ உறுப்பினராக இருந்தாரா என்று கேட்டுப் பார்க்கலாம், ஆனால் முகவரி, போன் நம்பர் என்று நச்சரிக்க வேண்டாம். நீங்கள் யார், எதற்கு என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அவரிடம் சேர்க்கச் சொல்லி, அவரே கூப்பிட விரும்பினால் கூப்பிடட்டும் என்று விட்டுவிடுவதுதான் மரியாதை.

கூப்பிட்டால் போங்கள். போகும்போது பேனா, ரெக்கார்டர் மட்டும் போதாது, நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்களைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். வயதானவர்களிடம் மொபைலை நீட்டி "இது நீங்களாம்மா" என்று கேட்பதை விட, காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது ஆயிரம் மடங்கு நல்லது. அனுபவம் எப்படி என்று கேட்காதீர்கள். இந்தப் புடவை உங்களுடையதா, கம்பெனி கொடுத்ததா? அன்றைக்கு ஸ்டுடியோவுக்கு எப்படிப் போனீர்கள், பஸ்ஸிலா? குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? வசனத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இப்படிக் கேட்டால் கதவு திறக்கும். புடவையைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு அம்மா எனக்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். சின்ன வேடத்துக்குச் சொந்தப் புடவைதான், ஆனால் முந்தின படத்தில் கட்டியதை அடுத்த படத்தில் கட்டினால் கேமராமேன் கண்டுபிடித்துவிடுவார், அதனால் அக்கம்பக்கத்தில் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு போவார்களாம்.

சம்பளம் பற்றியும் கேளுங்கள், ஆனால் இரண்டாவது சந்திப்பில். வயதைப் பற்றி ஒரு தடவை கேட்டு, சிரித்து மழுப்பினால் விட்டுவிடுங்கள், பிறந்த ஆண்டு இல்லாமலும் வாழ்க்கைக் கதை நிற்கும். கல்யாணம், பிரிவு, கடன், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவராகச் சொன்னாலும், எழுதலாமா என்று தனியாக ஒருமுறை கேளுங்கள். சொல்லும்போது ஒரு வேகத்தில் சொல்லியிருப்பார், ராத்திரி படுத்தபிறகு ஐயோ என்று இருக்கும். பழைய ஸ்டில்லை வாங்கிக்கொண்டு போய் ஸ்கேன் செய்து தருகிறேன் என்று யாராவது வாங்கிப்போய்த் திரும்பவே வராத கதை பாதி வீட்டில் உண்டு, அதனால் அங்கேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எழுதும்போது ஒரு விஷயம். கஷ்டத்தைத் தூக்கி முதல் வரியில் வைக்க எல்லோருக்கும் கை வரும், ஏனென்றால் அது ஓடும். அவர் இன்றைக்கு வாடகை வீட்டில் இருக்கிறார் என்பது உண்மையாகவே இருக்கட்டும், அது அவருடைய தொழில் இல்லை. வேலையைச் சொல்லுங்கள். ஒரே டேக்கில் அழுவார் என்று பெயர் எடுத்தவரா, நாலு பக்க வசனத்தைப் பிராம்ப்டர் இல்லாமல் பேசுவாரா, நகைச்சுவைக் காட்சியில் எதிரில் இருப்பவருக்கு இடைவெளி விட்டுப் பேசத் தெரிந்தவரா, அதற்கு எந்தப் படத்தின் எந்தக் காட்சி சாட்சி, அதை எழுதுங்கள். உங்கள் ஷீட்டில் நிமிடக் கணக்கோடு இருக்கிறதே. ஆதாரம் இல்லாததை 'என்று அவர் நினைவுகூர்கிறார்' என்று பிரித்துக் காட்டிவிடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் போடுகிற எண்ணம் இருந்தால், அவர் வாயால் சொன்னது மட்டும் அங்கே செல்லாது, அச்சில் வந்த ஆதாரம் கேட்பார்கள். அதனால் பாட்டுப் புத்தகம், இதழ், தேதி, பக்கம் என்று அப்போதைக்கப்போதே குறித்து வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

வெளியிடுவதற்கு முன்னால் பட்டியலை மட்டுமாவது அவரிடம் காட்டுங்கள். நான் அந்தப் புடவைக்கார அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார், மூன்று படத்தைப் பேனாவால் அடித்தார். "இது நான் இல்ல தம்பி, அவ வேற, பாவம் நல்லா ஆடுவா." அப்புறம் உள்ளே போய் ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்து, பட்டியலின் அடியில் நான் கேள்வியே பட்டிராத ஒரு படத்தின் பெயரை எழுதினார். வெளிவரவே இல்லையாம். எட்டு நாள் கால்ஷீட், ஐந்து நாள் சம்பளம் வந்தது, மூன்று நாள் பாக்கி. அதையும் அப்படியே சேர்க்கச் சொன்னார், பாக்கியோடு.